கற்பனைக்குப் பஞ்சமில்லை, பங்கீடுதான் சரியில்லை



போன மாதம் மூட்டுவலி பற்றி நான் எழுதிய பதிவுக்கு எத்தனை பேர் பதில் போட்டீர்கள்! இது அதைவிட நீளம். அவசரமாகப் படிக்க வேண்டாம், இரவு சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்ட் நகரத்தில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நல்ல குளிர்காலம். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மாப்பிள்ளைக்குச் சரித்திரத் தொடர் என்றால் உயிர். ஆங்கிலேயர் முதன்முதலில் அமெரிக்காவில் குடியேறிய காலத்தைப் பற்றி வந்த தொடர்களைத் தேடித் தேடிப் போட்டார். அந்த ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான், அதனால் எனக்கும் ஆசை வந்துவிட்டது. பார்த்தோம், கூடவே சண்டையும் போட்டோம். "அத்தை, இது பாடம் இல்ல, கதை. கதைன்னா நாலு கற்பனை இருக்கத்தான் செய்யும்" என்பார். நான் விடமாட்டேன். ஊருக்கு வந்த பிறகும் மனசுக்குள் அந்தச் சண்டை ஓடிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். சரித்திரத்தை நாடகமாக எடுத்தால் கற்பனை வேண்டும். யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை, எழுதுகிறவர்தான் வசனம் கொடுக்க வேண்டும். எனக்குள்ள வருத்தம் வேறு. ஏடு நிறைய எழுதிவைத்துவிட்டுப் போனவர்களுக்கே கற்பனையையும் வாரி வாரிக் கொடுக்கிறார்கள். ஒரு வரிகூட எழுத முடியாமல் செத்துப் போனவர்களுக்குக் கொடுக்கும்போது கை சுருங்கிவிடுகிறது. ரேஷன் கடையில் வசதியான வீட்டுக்கு இரண்டு மூட்டை போட்டுவிட்டு, இல்லாதவனிடம் ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல.

முதலில் பார்த்தது 'ஜேம்ஸ்டவுன்'. 2017 முதல் 2019 வரை மூன்று சீசன், 24 எபிசோடு. 'டவுன்டன் ஆபி' எடுத்த அதே நிறுவனம் பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சிக்காக எடுத்தது. ஜேம்ஸ்டவுன் என்பது 1607-ல் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆற்றங்கரையில் மரவேலி அடித்துப் போட்ட கோட்டை. அமெரிக்காவில் அவர்கள் நிலைத்து நின்ற முதல் இடம். ராஜா படை அனுப்பிப் பிடித்த ஊர் இல்லை அது. லண்டனில் பங்கு சேர்த்துத் தொடங்கிய வர்ஜீனியா கம்பெனி என்ற வியாபார நிறுவனத்தின் முதலீடு. அந்தக் கம்பெனிக்கு 1619 வரை தலைமை வகித்தவர் சர் தாமஸ் ஸ்மைத். பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1600-ல் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும் இதே மனிதர்தான். ஒரு கை மேற்கே, ஒரு கை கிழக்கே!

தொடர் 1619-ல் தொடங்குகிறது. மூன்று ஆங்கிலப் பெண்கள் கப்பலில் வந்து இறங்குகிறார்கள், முகம் பார்த்தறியாத ஆண்களைக் கல்யாணம் செய்துகொள்ள. மணப்பெண்களாகக் கம்பெனி அனுப்பிய பெண்கள் உண்மையில் வந்தது 1620-லும் 1621-லும். 1621-ல் வந்தவர்களுக்கு மாப்பிள்ளை வீட்டார் கட்ட வேண்டிய தொகை ஆளுக்கு 150 பவுண்டு புகையிலை. நம் கணக்கில் கிட்டத்தட்ட 68 கிலோ. கம்பெனிக்குக் கட்டினால்தான் பெண். தொடரில் ஆண்டு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது என்று மாப்பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கெல்லாம் நான் மார்க் குறைக்கமாட்டேன். அந்தப் பெண்களைப் பற்றிக் கம்பெனிக் கணக்கில் வயது, தகப்பன் பெயர், தெரிந்த கைவேலை இவ்வளவுதான் மிச்சம். அவர்களுக்கு ஒரு வாழ்க்கையைக் கற்பனை செய்து கொடுத்தது இந்தத் தொடரின் நல்ல காரியம்.

ஆனால் கரையில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? நம் பழைய பாடப் புத்தகங்களில் 'செவ்விந்தியர்' என்று இருக்கும். நான் பூர்வகுடிகள் என்றே எழுதுகிறேன். அந்த வட்டாரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட குலங்களைச் சேர்த்து ஆண்டவர் வஹுன்சனகாக். ஆங்கிலேயர் அவரைப் பவ்ஹாட்டன் என்றார்கள். அவருக்குப் பின் அந்த மக்களை நடத்தியவர்களில் பெரியவர் ஒப்பச்சங்கனோ. தொடரில் இவர்கள் வருவது எப்படி என்றால், மரத்துக்குப் பின்னால் நிற்பார்கள், முறைப்பார்கள், கோட்டை வாசலுக்கு வந்து எச்சரிப்பார்கள், காட்டுக்குள் போய்விடுவார்கள். காட்டுக்குள் அவர்களுக்கு வீடு உண்டு, சோளக்கொல்லை உண்டு, மாமியார் மருமகள் சண்டைகூட உண்டு. கேமரா அங்கே தங்கும் நேரம் மிகக் குறைவு.

எனக்கு நம் பள்ளிக்கூட ஆண்டு விழா ஞாபகம் வந்தது. கட்டபொம்மன் நாடகத்தில் எல்லோருக்கும் கட்டபொம்மன் வேஷம்தான் வேண்டும். வசனமே இல்லாமல் பின்னால் வேல் பிடித்து நிற்கிற ஆறு பையன்கள் இருப்பார்கள். அவர்களுடைய அம்மாக்களும் பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்காருவார்கள். "என் பிள்ளை ஒரு வார்த்தையாவது பேசக்கூடாதா டீச்சர்?" என்று கேட்பார்கள். அதற்காகவே ஒவ்வொருவனுக்கும் ஒரு வரி எழுதிச் சேர்ப்பேன். உங்களில் இரண்டு பேருக்கு அந்த வரி இன்னும் மனப்பாடம் என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்கப் பூர்வகுடி நடிகர்களுக்கும் இதே நிலைமைதான். 2015-ல் நேஷனல் ஜியாகிரபிக் 'செயின்ட்ஸ் அண்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' என்று இரண்டு பாகமாக ஒரு தொடர் போட்டது. 1620-ல் மேஃபிளவர் கப்பலில் 102 பேர் வந்து பிளிமத் ஊரை அமைத்த கதை. அதில் ஸ்குவாண்டோவாக நடித்தவரேதான் 'ஜேம்ஸ்டவுன்' தொடரிலும் பமுங்கி இனத்தவராக வருகிறார். இரண்டு ஊருக்கும் நடுவே எத்தனை நூறு மைல், மொழி வேறு, மக்கள் வேறு. நல்ல நடிகர், அவரைக் குறை சொல்லவில்லை. எடுக்கிறவர்களுக்கு இவரும் அவரும் ஒன்றாகத் தெரிகிறது.

சரி, இப்போது எல்லோருக்கும் தெரிந்த கதைக்கு வருகிறேன். போகஹான்டஸ். 1995-ல் வந்த டிஸ்னி கார்ட்டூன் படத்தை உங்கள் பிள்ளைகள் எல்லாரும் டிவியில் பார்த்திருப்பார்கள். கேப்டன் ஜான் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரைக் கொல்லப் போகும்போது ராஜகுமாரி குறுக்கே விழுந்து காப்பாற்றுகிறாள். இருவருக்கும் காதல். அவளுடைய உண்மைப் பெயர்கள் அமோனுடே, மடோகா. போகஹான்டஸ் என்பது வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர். ஸ்மித் பிடிபட்டது 1607 டிசம்பரில். அப்போது அந்தப் பெண்ணுக்கு வயது பத்து அல்லது பதினொன்று.

பத்து, பதினொன்று. முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயசு அது. ஐந்தாம் வகுப்பு. இடைவேளையில் பாண்டி ஆடுகிற வயசு. அந்தப் பிள்ளையைப் பிடித்து நீண்ட கழுத்தும் பெரிய உடம்புமாக வரைந்து, முப்பதை நெருங்கிய சிப்பாய்க்குக் காதலியாக்கி வைத்திருக்கிறார்கள். இதைத்தான் மாப்பிள்ளை "நாலு கற்பனை" என்கிறார்.

அந்தக் காப்பாற்றிய காட்சிக்கு ஆதாரம் யார்? ஸ்மித் ஒருவர்தான். 1608-ல் அச்சான அவருடைய முதல் விவரத்தில் அது கிடையாது. 1624-ல் அச்சான பெரிய புத்தகத்தில்தான் விரிவாக வருகிறது. அதற்குள் அந்தப் பெண் இறந்து ஏழு வருஷம், அவளுடைய அப்பா இறந்து ஆறு வருஷம். ஸ்மித்தின் கதை நடந்ததா இல்லையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

அவள் வாழ்க்கையில் ஐயத்துக்கு இடமில்லாமல் நடந்தது வேறு. 1613-ல் ஆர்கால் என்ற கப்பல் தலைவன் அவளை ஏமாற்றிக் கப்பலில் ஏற்றிச் சிறைபிடித்தான். அழைத்துக்கொண்டு வந்து ஒப்படைத்தவருக்குக் கூலியாக ஒரு செம்புப் பானை கிடைத்தது என்று அந்தக் காலத்து ஆங்கிலேயரே எழுதியிருக்கிறார். பிணையாக இருக்கும்போதே மதம் மாற்றி ரெபெக்கா என்று பெயர் வைத்தார்கள். 1614-ல் ஜான் ரால்ஃப் என்ற புகையிலை விவசாயியைக் கல்யாணம் செய்தாள். 1616-ல் லண்டனுக்குக் கூட்டிப்போய், கம்பெனிக்கு முதலீடு சேர வேண்டும் என்பதற்காக ஊராரிடம் காட்டினார்கள். திரும்பும் வழியில், 1617 மார்ச்சில், தேம்ஸ் நதியோரம் கிரேவ்ஸெண்ட் என்ற ஊரில் இறந்தாள். வயது இருபத்தொன்று இருக்கும். அங்கேயே புதைத்தார்கள்.

ஏமாற்றிப் பிடிக்கப்பட்ட பெண், கப்பல் கிளம்பும்போது கரையைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? அப்பா மீட்க வருவார் என்று எத்தனை நாள் காத்திருந்தாள்? எந்த நாளில் அந்த நம்பிக்கையை விட்டாள்? இதற்கு ஏட்டில் பதில் கிடையாது. கதாசிரியரின் கற்பனை இங்கே அல்லவா வேலை செய்ய வேண்டும்! இந்த இடத்தை ஒரு பாட்டில் தாண்டிவிட்டு, நடக்காத காதலுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று, இதற்குக் கற்பனைகூட வேண்டாம். 1610 ஆகஸ்டில் ஜார்ஜ் பெர்சி என்ற ஆங்கிலத் தளபதி எழுபது பேரோடு போய் பஸ்பஹேக் மக்களின் ஊரை எரித்தார். அவர்களுடைய அரசியையும் குழந்தைகளையும் படகில் பிடித்து வந்தார்கள். உயிரோடு ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று சிப்பாய்கள் முணுமுணுத்தார்களாம். குழந்தைகளை ஆற்றில் தூக்கி வீசி, தண்ணீரிலேயே சுட்டார்கள். அரசியை பின்னர் கரைக்குக் கொண்டுபோய் வாளால் வெட்டினார்கள். எதிரி சொன்ன குற்றச்சாட்டு அல்ல இது. பெர்சியே தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். நான் பார்த்த எந்தத் தொடரிலும் இந்தப் படகு வரவில்லை.

இதை விட்டுவிட்டால் பின்னால் வருகிற கணக்கு தப்பிப் போகும். 1622 மார்ச் 22 அன்று ஒப்பச்சங்கனோவின் மக்கள் ஒரே காலையில் 347 ஆங்கிலேயரைக் கொன்றார்கள். அந்த நாளில் இருந்து கதையைத் தொடங்கினால் யார் கொடியவர் என்று நம் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். 1610-ல் தொடங்கினால் அதே குழந்தை கொஞ்சம் யோசிக்கும். அடுத்த வருஷம், 1623-ல், சமாதானம் பேசலாம் என்று கூப்பிட்டு மதுவில் விஷம் கலந்து கொடுத்தார்கள் ஆங்கிலேயர். கலந்தவர் ஒரு டாக்டர். அதையும் சேர்த்துச் சொன்னால் குழந்தை நம்மையே திருப்பிக் கேள்வி கேட்கும். கேட்கட்டுமே.

ஆங்கிலேயரின் துன்பத்தைக் காட்டக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். 1609-10 குளிர்காலத்தில் ஜேம்ஸ்டவுன் கோட்டைக்குள் பட்டினியில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்து வசந்தத்தைப் பார்த்தவர்கள் சுமார் அறுபது பேர். 2012-ல் அங்கே தோண்டியபோது பதினான்கு வயது ஆங்கிலப் பெண் ஒருத்தியின் மண்டை ஓடு கிடைத்தது. இறந்த பிறகு அதை வெட்டியிருக்கிறார்கள், பசிக்காக. அவள் பெயர் தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் ஜேன் என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்திலேயே உள்ள அருங்காட்சியகத்தில், அந்த எலும்பை வைத்து உருவாக்கிய அவள் முகத்தை மகளோடு போய்ப் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை முகம். அவளும் ஒரு வரி எழுதாமல் போனவள்தான். அவளுக்கும் கதை எழுதட்டும், நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

அடுத்து சேலம். நம்ம மாம்பழ சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1692-ல் சூனியக்காரர்கள் என்று பழிபோட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 14 பேர் பெண்கள். எண்பது வயதுக் கிழவர் ஜைல்ஸ் கோரியை நெஞ்சில் பாறை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். ரெபெக்கா நர்ஸ் என்ற எழுபத்தொரு வயதுப் பாட்டியைத் தூக்கிலிட்டார்கள். டாரதி குட் என்ற நாலு வயதுக் குழந்தையை மாதக்கணக்கில் விலங்கு மாட்டிச் சிறையில் வைத்தார்கள். எல்கேஜி வயசு! அம்மாவைத் தூக்கில் போட்டார்கள். அந்தக் குழந்தை பிறகு தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலைமைக்குப் போய்விட்டாள் என்று தகப்பன் 1710-ல் அரசுக்கு மனு எழுதினார்.

இதை வைத்து 2014 முதல் 2017 வரை 'சேலம்' என்றே ஒரு தொடர் ஓடியது. அதில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? சூனியக்காரிகள் நிஜம்! மேரி சிப்லி என்ற பெண்தான் தலைமைச் சூனியக்காரி, ஊரையே ஆட்டிப் படைக்கிறாள். மேரி சிப்லி உண்மையிலேயே வாழ்ந்த பெண். பக்கத்து வீட்டுக்காரி. யார் சூனியம் வைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு ரொட்டி சுட்டு நாய்க்குப் போடச் சொன்னாள், அதற்காகத் திருச்சபையில் மன்னிப்பும் கேட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

மாப்பிள்ளைக்கு இந்தத் தொடர் ரொம்பப் பிடித்திருந்தது. "பேய்க்கதை அத்தை, பயமா இருக்கும், ஜாலியா இருக்கும்" என்றார். பேய்க்கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் நிஜப் பெயர்களை வைத்துக்கொண்டு இப்படி எழுதினால் என்ன அர்த்தம் வருகிறது என்று பாருங்கள். சூனியம் நிஜம் என்றால், நீதிபதிகள் ஆளைத்தான் மாற்றிப் பிடித்தார்கள், தேடியது சரிதான் என்று ஆகிவிடுகிறது. அந்தச் சனங்கள் ஒவ்வொருவரும் சாகும்வரை சொன்னது "நான் சூனியக்காரி இல்லை" என்ற ஒரே வார்த்தை. ஒத்துக்கொண்டிருந்தால் உயிர் பிழைத்திருப்பார்கள். ஒத்துக்கொண்டவர்களைத் தூக்கில் போடவில்லை. பொய் சொல்ல மனசில்லாமல் தூக்குக்குப் போனார்கள். முந்நூறு வருஷம் கழித்து டிவிக்காரர்கள் வந்து, இல்லையில்லை, இருந்தது என்கிறார்கள்.

இதற்கு நேர் மாறாக ஒன்று உண்டு. 1985-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் மூன்று பாகமாக வந்த 'த்ரீ சாவரின்ஸ் ஃபார் சாரா'. ரெபெக்கா நர்ஸ், மேரி ஈஸ்டி, சாரா கிளாய்ஸ் மூன்று பேரும் சகோதரிகள். அக்காமார் இருவரையும் தூக்கிலிட்டுவிட்டார்கள், சாரா மட்டும் தப்பினாள். வயதான சாரா, அக்காமார் பெயரில் உள்ள களங்கத்தைத் துடைக்க அதிகாரிகள் முன்னால் வந்து பேசுவதாகக் கதை. அப்படி ஒரு விசாரணை நடந்ததாக ஆதாரம் கிடையாது, அது கற்பனை. வசனங்களில் பல, உண்மையான விசாரணைக் குறிப்புகளில் இருந்து எடுத்தவை. வனெஸ்ஸா ரெட்கிரேவ் நடித்திருக்கிறார். சண்டை கிடையாது, பேய் கிடையாது, கண்ணை எடுக்க முடியவில்லை. பங்கீடு சரியாக இருந்தால் கற்பனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

பெயரைத் துடைக்கிற வேலை இப்போதும் நடக்கிறது. எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணுக்கு அன்று மரண தண்டனை விதித்தார்கள். தூக்கில் போடவில்லை, ஆனால் தீர்ப்பை ரத்து செய்யவும் இல்லை. மற்றவர்களின் பெயரையெல்லாம் சட்டம் போட்டு நீக்கினார்கள், இவளை மட்டும் மறந்துவிட்டார்கள். நார்த் ஆண்டோவர் என்ற ஊரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், குடிமையியல் பாடத்துக்காக இதை எடுத்து, டீச்சரோடு சேர்ந்து சட்டமன்றத்துக்கு எழுதி எழுதி, 2022-ல் அந்தத் தீர்ப்பை நீக்கவைத்தார்கள். எட்டாம் வகுப்பு! படித்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் சீரியலுக்குக் கதை வசனம் எழுதும் நம் மாணவன் ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லவில்லை, அவனுக்குக் கூச்சம். போனில் அவனிடம் இதையெல்லாம் கொட்டினேன். "டீச்சர், நீங்க சொல்றது நியாயம். ஆனா பாக்கிறவங்க தன்னை மாதிரி ஒரு ஆளைத் தேடுவாங்க. இங்கிலாந்து சேனல் காசு போட்டா, இங்கிலாந்துக்காரி கண் வழியாத்தான் கதை போகும். ஒரு எபிசோடுக்கு ஆகிற செலவு உங்களுக்குத் தெரியாது" என்றான். நியாயமான பேச்சுதான். ஹங்கேரியில் செட் போட்டு வர்ஜீனியா என்று காட்டியதும், தென் ஆப்பிரிக்காவில் செட் போட்டு பிளிமத் என்று காட்டியதும் செலவுக் கணக்கால்தான். அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஆறு ஆறு மாதிரி இருந்தால் போதும்.

ஆனால் "தன்னை மாதிரி ஆள்" என்ற வாதம் எப்போதோ உடைந்துவிட்டது. 1977 ஜனவரியில் 'ரூட்ஸ்' என்ற தொடரை எட்டு நாள் தொடர்ச்சியாக அமெரிக்காவில் காட்டினார்கள். முதல் காட்சி ஆப்பிரிக்காவின் காம்பியாவில், 1750-ல், ஒரு குழந்தை பிறப்பது. கப்பல் பிறகுதான் வருகிறது. குண்டா கிண்டே யார், அவன் அம்மா யார், ஊரில் அவனுக்கு என்ன மரியாதை என்று முதலில் தெரிந்துகொண்ட பிறகு விலங்கைப் பார்க்கிறோம். கடைசி இரவில் பார்த்தவர்கள் ஏறக்குறைய பத்துக் கோடிப் பேர் என்று கணக்கு. அதில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள்தான். 2009-ல் பொதுத் தொலைக்காட்சி எடுத்த 'ஆஃப்டர் தி மேஃபிளவர்' படத்தில் கதை மசசோயிட் என்ற வாம்பனோக் தலைவர் பக்கமிருந்து நகர்கிறது. கொள்ளைநோயில் தன் மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, வந்திருக்கும் இந்த அந்நியர்களோடு சேர்வதா விலகுவதா என்று அவர் யோசிக்கிறார். அவர்கள் தங்கள் வட்டாரத்து நிப்மக் மொழியில் பேசுகிறார்கள், கீழே ஆங்கில சப்டைட்டில். மாப்பிள்ளை முதல் பத்து நிமிடம் போனை நோண்டினார். பிறகு போனை வைத்துவிட்டார். அதை நான் கவனித்தேன்.

கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. வாம்பனோக் மொழி பேச ஆளில்லாமல் போய் நூறு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஜெசி லிட்டில் டோ பெயர்ட் என்ற பெண்மணி, 1663-ல் அந்த மொழியில் அச்சான பைபிளையும் பழைய பத்திரங்களையும் வைத்துப் படித்து மீட்டிருக்கிறார். அவருடைய மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தாள். பமுங்கி மக்கள் ரிச்மண்டுக்குப் பக்கத்திலேயே தங்கள் நிலத்தில் வாழ்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டு உடன்படிக்கைப்படி இன்றைக்கும் வருஷா வருஷம் நவம்பரில் ஒரு மானைக் கொண்டுவந்து கவர்னர் மாளிகை வாசலில் கொடுக்கிறார்கள். அவர்கள் வாக்குத் தவறவில்லை. இந்த ஒரு காட்சியை எந்தத் தொடரின் முடிவில் வைத்தாலும் எழுந்து நிற்கத் தோன்றும்.

இப்போது பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாலாம் வகுப்பு படிக்கிறாள். நாங்கள் பார்க்கும்போது ஒருநாள் வந்து உட்கார்ந்து, "ஆச்சி, இந்தியன்னு சொல்றாங்களே, அது நாமளா?" என்றாள். கொலம்பஸ் கதையைச் சொல்லி, அது வேறு ஆட்கள், தப்பாக வைத்த பெயர் என்று விளக்கினேன். "அப்போ நம்ம ஆளு யாருமே அங்க இல்லையா?" என்றாள்.

ஒருவன் இருந்தான். 1635-ஆம் வருஷத்து வர்ஜீனியா நிலப் பத்திரம் ஒன்றில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு ஆளைச் செலவு செய்து கூட்டிவந்தால், கூட்டிவந்தவருக்கு 50 ஏக்கர் நிலம். அந்தக் கணக்கில் எழுதின பெயர் அது. எந்த ஊர், அம்மா வைத்த பெயர் என்ன, எப்படி வந்து சேர்ந்தான், ஒன்றும் தெரியாது. அவன் பெயரால் ஒருவருக்கு 50 ஏக்கர் கிடைத்தது, அது மட்டும் தெரியும். அதேபோல 1625-ன் மக்கள் கணக்கில் 'ஏஞ்சலோ' என்று ஒரு ஆப்பிரிக்கப் பெண்ணின் பெயர் ஒரு வரி இருக்கிறது. 1619-ல் அங்கோலாவில் இருந்து பிடித்து வந்த கூட்டத்தில் ஒருத்தி. வர்ஜீனியாவில் முதல் சட்டசபை கூடியதும் அதே 1619 கோடையில்தான். சட்டசபையில் யார் வந்தார், வெயிலில் யார் மயங்கினார் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஏஞ்சலோவுக்கு ஒரு வரி.

டோனியின் அந்த ஒரு வரியை வைத்து பிருந்தா சாரி என்ற எழுத்தாளர் 2023-ல் ஆங்கிலத்தில் 'தி ஈஸ்ட் இந்தியன்' என்று நாவல் எழுதியிருக்கிறார். அவன் நம் சோழமண்டலக் கரையில் பிறந்த பையன் என்று கற்பனை செய்திருக்கிறார். சரிதானா என்று யாராலும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. மகள் நூலகத்தில் எடுத்துக் கொடுத்தாள், மூன்று நாளில் முடித்தேன். பேத்திக்கு ராத்திரி கதையாக அதைத்தான் சொன்னேன், பெரியவர்கள் விஷயத்தையெல்லாம் விட்டுவிட்டு. டோனிக்கு ஊரில் ஆச்சி இருந்தாளா என்று கேட்டாள். இருந்திருப்பாள் என்றேன்.

வெளிநாட்டில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழந்தைகள் இந்தத் தொடர்களைப் பார்த்தால் தடுக்க வேண்டாம். 'ஜேம்ஸ்டவுன்' கொஞ்சம் பெரியவர்களுக்கானது, பதினைந்து வயதுக்கு மேல் பார்க்கட்டும். 'ஆஃப்டர் தி மேஃபிளவர்' வீட்டோடு உட்கார்ந்து பார்க்கலாம். 'சேலம்' தொடரைப் போட்டால், ரெபெக்கா நர்ஸ் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

சீரியல் எழுதுகிற தம்பிக்குத் தனியாக ஒன்று. டோனி கதையை யாராவது தமிழில் எடுத்தால் நீதான் எழுத வேண்டும். முதல் காட்சியில் கப்பலைக் காட்டாதே. அவன் பிறந்த கரையில், அவன் அம்மா அவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதில் இருந்து தொடங்கு. அந்தப் பேரைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. முதல் எபிசோடை எழுதி எனக்கு அனுப்பு. சிவப்பு மைப் பேனா இன்னும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்